இன்ஜின் இல்லாத பாதி

போன வாரம் என் பையன் கைபேசியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தான். விண்வெளிக் கப்பல் ஒன்று நடுவில் இரண்டாகப் பிரிகிறது. முன்பாதி ஒரு பக்கம் பறக்கிறது, பின்பாதி இன்னொரு பக்கம் பறக்கிறது. இரண்டும் எதிரியைச் சுற்றி வளைந்து வளைந்து சுடுகின்றன. சண்டை முடிந்ததும் சட்டைப் பொத்தான் போட்ட மாதிரி வந்து ஒட்டிக்கொள்கின்றன.

"பொய்" என்றேன்.

"இன்னாம்மா பொய்?"

"இன்ஜின் எந்தப் பாதியில இருக்கு?"

"பின்னாடி."

"அப்ப முன்பாதி எத வெச்சு வளைஞ்சுது? எத வெச்சு நின்னுது?"

"படம்மா அது. சும்மா பாரேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவனுக்குச் சொல்லிப் பயனில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கும் என் வயதுதான். முப்பத்தைந்து எட்டிப் பார்க்கிறது, முட்டி வலிக்கிறது, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் சின்ன வயதுக் கதை பேசுகிறோம். நீங்கள் சொல்லும் கதைகளில் எல்லோரும் எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அப்படி வராது. எனக்கு நினைவில் நிற்பது ஒரே ஒரு வருஷம். சுனாமி அலை வந்த வருஷம். எனக்குப் பன்னிரண்டு, தம்பிக்கு ஒன்பது.

புதுச்சேரியில், குருசுக்குப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. உப்புக்காற்றில் சுவர் செதில் செதிலாக உரியும். தம்பி அதை நகத்தால் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வான். அப்பா சேதராப்பட்டில் பைப் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவர் சட்டையில் எப்போதும் சூடான பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது.

எங்கள் கப்பல் இரண்டு பொருளால் ஆனது. தலை, பெரியம்மா பிரான்சிலிருந்து கொண்டு வந்த வட்டமான பிஸ்கட் டின். வால், அப்பா கொண்டு வந்த ஒரு முழ நீள பைப் துண்டு. இரண்டையும் சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பரால் சேர்த்துக் கட்டுவோம். ஆபத்து வந்தால் ரப்பரை அவிழ்க்க வேண்டும். தலையில் மனிதர்கள் இருப்பார்கள், வாலில் இன்ஜின் இருக்கும்.

முதலில் நாங்களும் சினிமாக்காரர்கள் மாதிரிதான் விளையாடினோம். இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு உஷ் உஷ்ஷென்று ஓடினோம். பிறகு அரசு நூலகத்தில் அட்டை இல்லாத ஒரு விண்வெளிப் புத்தகம் கிடைத்தது. அங்கே காற்று இல்லை, உராய்வு இல்லை, ஒரு தடவை தள்ளினால் தள்ளியது போய்க்கொண்டே இருக்கும் என்று போட்டிருந்தது. தம்பிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"எக்கா, அப்ப பிரேக்கே கெடையாதா?"

"கெடையாது."

"பஸ்ஸு மாதிரி திருப்பவும் முடியாதா?"

"மூஞ்சியத் திருப்பலாம். ஆனா போற பக்கம்தான் போவும்."

அவன் எழுந்து அறைக்குள் நடந்து பார்த்தான். முகத்தைச் சமையல்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, உடம்பு மட்டும் வாசல் பக்கம் போனது. "நண்டு மாதிரி" என்றான். "எல்லாக் கப்பலும் நண்டு மாதிரிதான் போவும்." அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் சட்டங்கள் எழுத ஆரம்பித்தோம். பொய் கூடாது என்பது முதல் சட்டம்.

சோதனை செய்துதான் எழுதுவோம். கேரம் போர்டில் பவுடரை அள்ளிக் கொட்டி, இரண்டு காய்களை ஒட்ட வைத்து அடித்துப் பார்த்தோம். பெரியப்பா வாங்கித் தந்த ஒரு ஜோடி ஸ்கேட் இருந்தது, இரும்புச் சக்கரம் வைத்தது. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் அல்லவா, அப்போது ஆளுக்கொரு ஸ்கேட்டின் மேல் உட்கார்ந்து, உள்ளங்காலோடு உள்ளங்கால் வைத்து உதைத்துக்கொண்டோம். அவன் சர்ரென்று போய், சுண்டல் விற்கிறவரின் காலில் இடித்து நின்றான். "யோவ், எங்கருந்துடா வர்றீங்க!" என்று அவர் கத்தினார்.

"பாத்தியா? நான் நவுரவே இல்ல. நீதான் போன" என்றேன்.

அவன் ஒரு செங்கல் துண்டோடு வந்தான். நான் முதலில் உட்கார்ந்த இடத்தில் ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருக்கிறான். ஒரு முழத்துக்கு மேல் பின்னால் போயிருந்தேன்.

"தள்ளுனவங்களும் நவுருவாங்கக்கா. நீ குண்டு, அதனால கம்மியா நவுர்ற" என்றான். குண்டு என்றதற்கு ஒரு குட்டு வைத்தேன். சட்டத்தை எழுதிக்கொண்டோம்.

எரிபொருளுக்குத் தீக்குச்சி. வாலுக்குப் பத்துக் குச்சி. பிரிந்து போவதற்கு ஐந்து, திரும்பி வருவதற்கு ஐந்து. "போக அஞ்சு, வர அஞ்சு" என்று கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பைப்பின் வாயில் குச்சியைக் கொளுத்திக் கொளுத்தி அது கறுத்துப்போய் நாறும். தலைக்கு இன்ஜின் கிடையாது. அதனால் அதற்கு ஒரே சட்டம்: தலை நகரக் கூடாது. வால் திரும்பி வரும்போது, தலை எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வரும். தலை பயத்தில் அங்கே இங்கே போனால் வால் வெற்றிடத்துக்குத்தான் வந்து சேரும். அந்த இருட்டில் தேட முடியாது. தேட எரிபொருள் இல்லை.

இதையெல்லாம் அந்த வயதில் நாங்களே யோசித்தோம். வீட்டில் பெரியவர்கள் அப்போது வேறு ஒன்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் சந்தில் சொல்தா என்பார்கள். இரண்டு பேருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பிள்ளை இல்லை. வருஷா வருஷம் வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் ஜனவரியில் வந்தவர்கள் கிளம்பவே இல்லை. பெட்டியைத் திறந்தால் வரும் சோப்பு வாசனை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

நாங்கள் தூங்கிவிட்டோம் என்று நினைத்துப் பேசுகிற கதையெல்லாம் இல்லை. பட்டப்பகலில், எங்களை எதிரில் வைத்துக்கொண்டே பேசினார்கள்.

"பொண்ணு பெருசாயிட்டா. பாஷை ஏறாது" என்றாள் பெரியம்மா. "சின்னதக் குடு. எங்களுக்குக் கொள்ளி வெக்கவும் ஆளாச்சு. தத்து எழுதிட்டா மிச்ச பேப்பர் எல்லாம் இவரு பாத்துப்பாரு."

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"நான் பைப்பு ஊத்தி இவன இன்னா கலெக்டராக்கப் போறனா?" என்றார் அப்பா. "போவட்டும். ஒண்ணாவது நல்லா இருக்கட்டும்."

தம்பி கட்டிலுக்கு அடியில் போய்க் கட்டில் காலைக் கட்டிக்கொண்டான். மத்தியானம் முழுக்க வெளியே வரவில்லை. பெரியப்பா குனிந்து பிரெஞ்சில் ஏதோ அதட்டினார். அப்பா காலைப் பிடித்து இழுத்தார். கட்டிலும் சேர்ந்து வந்தது. கடைசியில் அம்மா என்னிடம் வந்தாள். "நீ சொன்னா கேப்பான். போயிச் சொல்லு" என்றாள்.

நான் உள்ளே தவழ்ந்து போனேன். பழைய செருப்பு, தூசி, எங்கள் கப்பல், தம்பி. அவன் மூக்கு ஒழுகியிருந்தது.

"நான் போ மாட்டேன்."

"கப்பல் பிரிஞ்சா எந்தப் பாதி போவும்?"

"வாலு."

"ஏன்?"

"அதுலதான இன்ஜின் இருக்கு. அதாலதான் திரும்பி வர முடியும்."

"பிளேன்ல யாரக் கூப்புடறாங்க? உன்னயா, என்னயா?"

மூக்கைச் சட்டையில் துடைத்தான்.

"அப்ப யாரு வாலு?"

"நானு" என்றான்.

"நீ போனாத்தான் திரும்பி வந்து என்னயும் கூட்டிம்போவ முடியும். நான் இங்கயே இருக்கப் போறேன். எங்க போவப் போறேன்?"

"நவுர மாட்டியே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தான். பெரியம்மா எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தாள். நான் அதைக் கட்டிக்கொண்டு சந்து முழுக்கச் சுற்றினேன். இதையும் சொல்லிவிட வேண்டும். அவனைத் தள்ளியதில் என் காலும் உண்டு.

தத்துக் கொடுப்பதென்றால் வெறும் கையெழுத்து இல்லை. கையால் கொடுக்க வேண்டும், கையால் வாங்க வேண்டும், அதற்குப் போட்டோ வேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்லிவிட்டார். அம்மா தம்பியின் கையைப் பிடித்து பெரியம்மாவின் கையில் வைத்தாள். போட்டோக்காரர் கேமராவைப் பார்த்துவிட்டு, "அம்மா, கண்ண மூடிட்டீங்க. இன்னொரு வாட்டி குடுங்க" என்றார். அம்மா கையைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை கொடுத்தாள். "இப்ப தம்பி கீழ பாத்துட்டாப்ல. இன்னொரு வாட்டி." மூன்று தடவை கொடுத்தாள். மூன்றாவது படத்தில் எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள். அந்தப் படம்தான் கோப்பில் போனது. அன்று முதல் காகிதத்தில் அம்மா அவனுக்குச் சித்தி. நான் சித்தி மகள்.

ஜூனில் கிளம்பினார்கள். வாலைப் பெட்டியில் வைத்திருந்தான். பெரியப்பா எடுத்து வெளியே போட்டார். "இன்னாடா கருகுன பைப்பு? அங்க போயி மானத்த வாங்காத." தம்பி சண்டை போடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து ஐந்து குச்சியையும் ஒவ்வொன்றாகக் கொளுத்தினான். போக ஐந்து. மீதி ஐந்தைத் தீப்பெட்டி இல்லாமல் ஜாமெட்ரி பாக்ஸுக்குள், அழிப்பானுக்கு அடியில் வைத்து மூடினான். நான் பார்த்தேன், அவன் நான் பார்த்ததைப் பார்த்தான்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு நம்பர்தான். அந்த வீட்டுப் பெண்மணியை டெலிபோன் அத்தை என்போம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மணி அடிக்கும். "ஏய், உங்க பிரான்சு துரை லைன்ல கீறாரு, ஓடியா!" என்று அவர் கத்துவார். அம்மாவும் நானும் ஓடுவோம். அம்மா, "சாப்டியாடா? குளுருதாடா?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் புடவையால் வாயைப் பொத்திக்கொண்டு போனை என்னிடம் தள்ளிவிடுவாள்.

குரல் தாமதமாக வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி இடித்துக்கொள்வோம். தம்பிதான் நோட்டுச் சட்டத்தை ஞாபகப்படுத்தினான்: தூரத்துக் கப்பலோடு பேசும்போது பேச்சு முடிந்ததும் 'முடிஞ்சுது' என்று சொல்ல வேண்டும்.

"எக்கா, இங்க எல்லாரும் வேகமா பேசறாங்க. முடிஞ்சுது."

"கத்துக்கோ. முடிஞ்சுது."

"நான் நம்ம ஊரு இருக்கற பக்கம் திரும்பித்தான் படுக்கறேன். முடிஞ்சுது."

"மூஞ்சியத் திருப்புனா பத்தாது, தெரியும்ல? முடிஞ்சுது."

அப்படித்தான் பேசினேன். ஒரு நாள் கேட்டான்: "எக்கா, நான் பேசிட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணறேன். போன வாரம் ரெண்டுல உன் கொரல் வந்துச்சு. இன்னிக்கி மூணு ஆவுது. நாம இன்னும் தள்ளிப் போறோமா? முடிஞ்சுது."

"லூசு. லைன் சரியில்ல. முடிஞ்சுது" என்றேன். டெலிபோன் அத்தை வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மணி அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. அம்மாவைக் கேட்டால், "படிக்கிற புள்ள, நேரம் இருக்காது" என்றாள். கடிதம் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். மூன்று எழுதினேன். பதில் இல்லை. நான்காவது எழுதவில்லை.

நவம்பர் கடைசியில், சேதராப்பட்டுக்கே குடி போகிறோம், அப்பாவுக்கு வேலைக்குப் பக்கம் என்றார்கள். நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன். "நான் வர்ல. நான் நவுரக் கூடாது" என்று கத்தினேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கன்னத்தில் ஒன்று வைத்தாள். அப்பா என்னைத் தூக்கி டெம்போவில், பாத்திர மூட்டைக்கும் கட்டில் பலகைக்கும் நடுவில் உட்கார வைத்தார். தெருவில் இருந்தவர்கள், "வயசுக்கு வர்ற நேரத்துல பொண்ணுங்க இப்டித்தான்" என்றார்கள்.

ஆனால் அதற்கு முதல் நாளே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: தலை தானாக நகரவில்லை. தூக்கிப் போகிறார்கள். திசை வடமேற்கு. தூரம் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். அதன் கீழே புது வீட்டு விலாசம். நோட்டை டெலிபோன் அத்தையிடம் கொடுத்து, "தம்பி போன் பண்ணா இந்தப் பக்கத்த மட்டும் படிச்சுக் காட்டுங்கத்தை" என்றேன். "சரிடி கண்ணு" என்றார்.

ஒரு மாசத்தில் அலை வந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் சேதராப்பட்டில் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பஸ்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. பழைய சந்துக்குள்ளும் தண்ணீர் வந்து போனது என்றார்கள். டெலிபோன் அத்தை வீட்டில் கதவைப் போட்டுவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடியிருந்தார்கள். "நாம தப்பிச்சோம் பாரு. நீதான் வர மாட்டேன்னு கெடந்த" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு வெற்றி இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு ஒன்றும் இல்லை. நான் வயதுக்கு வந்தேன், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், போட்டோ எடுத்தார்கள். படித்தேன், கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான். பிஸ்கட் டின்னில் அம்மா ஊசி நூல் போட்டு வைத்தாள். பைப்பை அப்பா கொடிக் கயிற்றுக்கு முட்டுக் கொடுத்தார். உலகமே கைபேசிக்குள் வந்த பிறகு தம்பியைத் தேடிப் பிடித்தேன். நலமா என்றால் நலம் என்பான். பிறந்தநாளுக்கு ஒரு பூப்படம் அனுப்புவான். மறந்துவிட்டான் என்று நினைத்தேன். ஊர் மாறினால் பிள்ளைகள் மறந்துவிடும் என்று எல்லோரும் சொல்வதுதானே.

அப்பா இறந்தபோது அவன் வரவில்லை. அவன் வேலை செய்கிற இடத்தில் அப்பா செத்தால்தான் உடனே லீவாம், சித்தப்பாவுக்குக் கிடையாதாம். கேமராவுக்காக மூன்று தடவை கொடுத்தார்களே, அதன் பலன். பதினாறாம் நாள் வீட்டில் நான் அதைச் சொல்லிக் கத்தினேன். "அவனுக்கு நம்ம ஞாபகமே இல்ல. அங்க போயி நாலாம் மாசமே போன் பண்றத நிறுத்திட்டான்" என்றேன்.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவன் நிறுத்தல. நாங்கதான் நிறுத்துனோம்."

பள்ளிக்கூடத்தில் அவன் ஜாமெட்ரி பாக்ஸில் தீக்குச்சி பார்த்துவிட்டார்களாம். நெருப்பு வைக்க வந்தான் என்று பெரியம்மாவையும் பெரியப்பாவையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். எதற்கு என்று கேட்டதற்கு, "திரும்பிப் போறதுக்கு" என்றானாம். பெரியப்பா பெல்ட்டைக் கழற்றினாராம். ஞாயிற்றுக்கிழமை போன் பேசிப் பேசித்தான் பையன் இப்படி ஆகிறான், அங்கே ஒட்ட மாட்டேன் என்கிறான் என்று பெரியம்மா அழுதாளாம். "நிறுத்திடலாம்னு நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "அந்த வூட்டுல மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு ஈரக்கொலை நடுங்குச்சு. அதான் வூட்டையும் மாத்துனோம்."

"என் கடுதாசி?"

"அனுப்பல."

"நோட்டு?"

"எதிர்வூட்டம்மா எங்கிட்டயே குடுத்துட்டாங்க. வெந்நி அடுப்புல போட்டேன்." பிறகு, "அலை வந்த மறுநாளு பெரியம்மா உங்கப்பா பாக்டரிக்கு போன் பண்ணா. உன் கொரல ஒரு வாட்டி கேக்கணும்னு அழுவுறான்னா. நான்தான் வேணாம்னேன். மறுபடியும் ஆரம்பிக்கும்" என்றாள்.

நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். வயதான பொம்பளையைச் சொல்லக் கூடாததைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு மட்டும் அவன் கொரல் வேணாமாடி?" என்றாள். அப்போதுதான், தள்ளியவர்களும் நகர்வார்கள் என்று தம்பி காட்டிய செங்கல் கோடு ஞாபகம் வந்தது. அதற்காக என் கோபம் தணிந்தது என்று நினைக்காதீர்கள். தணியவில்லை.

போன வருஷம் அவன் சேதராப்பட்டு வீட்டுக்கு வந்தான். நானும் அங்கே போயிருந்தேன். இரண்டு வாரம் இருப்பதாகச் சொல்லித்தான் வந்தான். உயரமாக, மெலிந்து, முன்வழுக்கையோடு. வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து, "எப்டி இருக்கீங்க சித்தி?" என்றான். வேண்டுமென்று சொல்லவில்லை. அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். அம்மா கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரைச் சாலைக்குப் போனோம். பாறை மேல் உட்கார்ந்தோம். பிள்ளைகள் ஸ்கேட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போதைய ஸ்கேட்டில் சத்தமே இல்லை. அவன் தமிழ் அப்படியே ஒன்பது வயதுத் தமிழ். வளரவே இல்லை. அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் கேட்டான்.

"எக்கா, நீ ஏன் நவுந்த?"

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"அலை வந்தத டிவியில பாத்தேன். ஒளிஞ்சு போயி அந்த நம்பருக்குப் போட்டேன். அடிக்குது, அடிக்குது, யாரும் எடுக்கல. பெரியம்மா, அவங்க வேற எடத்துக்குப் போயிட்டாங்க, நல்லா இருக்காங்கன்னாங்க. நான் நம்பல. அக்கா நவுர மாட்டா. அக்கா அங்க இல்லன்னா செத்துட்டா. மறைக்கறாங்க. எட்டு மாசம் அப்டித்தான் நெனச்சேன். அப்பறம் உன் மஞ்சத்தண்ணி போட்டோ வந்துச்சு. செத்துட்டேன்னு நெனச்சப்ப அழுதேன். உயிரோட இருக்கன்னு தெரிஞ்சப்பதான் கோவம் வந்துச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். நிலைக்கதவு, டெம்போ, கடிதம், நோட்டு, வெந்நீர் அடுப்பு. எதையும் மறைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் நான் அவனைப் பேசி மடக்கியதற்குக் கடிகாரம் வாங்கியதையும் சொன்னேன். அவன் கடலையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"கடைசிப் பக்கத்துலயா எழுதுன?"

"ஆமா."

"திசையும் போட்டியா?"

"வடமேற்குன்னு போட்டேன்."

தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்புறம், வேறு யாரோ எழுதிய கணக்கில் தப்பு கண்டுபிடிக்கிற மாதிரி சொன்னான்.

"நம்ம நோட்டுல ஒரு தப்பு இருந்துச்சுக்கா. போக அஞ்சு, வர அஞ்சுன்னு போட்டோம்ல? அது பத்தாது. போறதுக்கு ஒரு வாட்டி எரிக்கணும். அங்க போயி நிக்கறதுக்கு ஒரு வாட்டி. கெளம்பி வர்றதுக்கு ஒரு வாட்டி. வந்து இங்க நிக்கறதுக்கு ஒரு வாட்டி. நாலு வாட்டி. நாம நிக்கறதுக்கு ஒண்ணுமே வெக்கல."

"கேரம் போர்டுல எல்லாம் தானா நின்னுடும்" என்றேன்.

"ம். அதான் தெரியல."

மறுநாளே டிக்கெட்டை மாற்றிவிட்டான். கோபமில்லை என்றான். வேலை இருக்கிறது என்றான். அதற்கும் அடுத்த நாள் சென்னைக்குக் கார் வந்தது. அம்மா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "வரேன் சித்தி" என்றான். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டான். கார் கிளம்பியது. தொழிற்பேட்டைத் திருப்பத்தில் லாரிகளுக்கு நடுவே மறைந்தது.

நான் வாசலில் நின்றேன். இந்தத் தடவை என்னைத் தூக்கி வண்டியில் போட யாரும் இல்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதியது, ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் சைக்கிளில் போனார்கள், வெயில் காலுக்கு வந்தது.

"இன்னாடி நட்டு வெச்ச மாதிரி நிக்கற?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். "அவன்தான் போயிட்டானே. உள்ள வா."

நான் நகரவில்லை.